வீட்டு வரியை நிர்ணயிப்பது யார்? தமிழகத்தில் சொத்து வரி வரம்புகளின் வரலாறு

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கனகம்மாசத்திரம். வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தின் பெயரைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் ஊர் இது. இங்கே வீடு வைத்திருப்பவர் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறார். இதே சாலையில் சற்று மேலே சென்றால் வரும் திருத்தணியில் வீடு வைத்திருப்பவர் நகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார். பெயர் வேறாயினும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வரிகளே.

உள்ளாட்சி பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்களை வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். ஒருமுறை ஒரு மாணவி ரசீதைக் காட்டி, "சார், இந்தத் தொகையை நம்ம ஊர்த் தலைவர்தான் போட்டாரா?" என்று கேட்டாள். "ஊராட்சி மன்றம் போட்டது அம்மா" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த விடை பாதிதான் சரி. வரியை வசூலிப்பது ஊராட்சி அல்லது நகராட்சி. எதன்மேல் போடலாம், எந்த அளவு வரை போடலாம், யாரை விலக்க வேண்டும், எப்போது உயர்த்தலாம் என்பவற்றைச் சொல்வது மாநில அரசின் சட்டமும் ஆணையும். இந்த வரம்பு எப்படி வந்தது, அதனால் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொத்து வரி என்பது என்ன?

நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் வரியே சொத்து வரி. தெருவிளக்கு, குடிநீர், குப்பை அகற்றல், கழிவுநீர்க் கால்வாய், உள்ளூர்ச் சாலை ஆகியவற்றுக்கு உள்ளாட்சி தன் கையால் ஈட்டும் பணத்தில் இதுவே முதன்மையானது. வருமான வரியும் சரக்கு மற்றும் சேவை வரியும் தொலைவில் உள்ள கருவூலத்துக்குப் போகின்றன. வீட்டு வரி மட்டுமே கட்டியவர் கண்ணுக்கு எதிரிலேயே செலவாகும் வரி. தெருவிளக்கு எரியாவிட்டால், "வரி கட்டுகிறோமே" என்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்கும் உரிமையை அது தருகிறது. ஆகவே இந்த வரியை யார் தீர்மானிக்கிறார் என்பது பணக் கணக்காக மட்டும் முடிவதில்லை. ஊரை யார் ஆள்கிறார் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

பழைய சுவடுகள்

தமிழ்நாட்டில் ஊர் மட்டத்தில் வரி நிர்வாகம் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனை இறை, தறி இறை, செக்கிறை என்று பல வரிப் பெயர்கள் காணப்படுகின்றன. வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி எனப்பட்டது.

கனகம்மாசத்திரத்துக்கு அருகிலுள்ள திருவாலங்காடு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பதிவு செய்துள்ளன. ஊரின் வருவாய் யாருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்தது அரசனின் ஆணை. ஊர் எல்லையைச் சுற்றிக் காட்டியதும், நடைமுறையை நிறைவேற்றியதும் உள்ளூர் அமைப்புகள். மேலே ஆணை, கீழே நிறைவேற்றம் என்ற அமைப்பை அன்றே காண்கிறோம். எனினும் அக்கால ஊர்ச் சபையை இன்றைய ஊராட்சியோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. சபையில் இடம்பெற நிலம், வேதக் கல்வி போன்ற தகுதிகள் வேண்டியிருந்தன. ஊரில் வாழ்ந்த எல்லோருக்கும் அதில் குரல் இருக்கவில்லை.

மதராசில் வந்த முதல் மோதல்

இன்றைய வடிவிலான வீட்டு வரியின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1678இல் கவர்னராகப் பொறுப்பேற்ற ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர், தெருக்களைத் துப்புரவாக வைப்பதற்காக வீடுகளின் மீது வரி விதிக்க முயன்றார். மக்கள் எதிர்த்தனர். பின்னர் நகரின் பாதுகாப்புச் செலவை மக்களே ஏற்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி விதித்த வரிக்கு எதிராக 1686இல் கறுப்பர் நகர மக்கள் திரண்டனர். கடைகள் அடைக்கப்பட்டன. நகருக்குள் பொருள்கள் வருவது தடைப்பட்டது. கம்பெனி நிர்வாகம் கடும் தண்டனை அறிவித்துத்தான் அவர்களைப் பணிய வைத்தது.

இந்த அனுபவத்திலிருந்து லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு ஒரு பாடம் கற்றார். மேலிருந்து அதிகாரமாகச் சுமத்தப்படும் சிறு வரியைக்கூட வெறுக்கும் மக்கள், தம்மவர் கூடிப் போடும் வரி பெரிதானாலும் மனமுவந்து தருவர் என்பது அவர் கருத்து. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1687 டிசம்பர் 30இல் சாசனம் வழங்கப்பட்டு, 1688 செப்டம்பர் 29இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழ் 12 ஆல்டர்மென் இருந்தனர். ஆங்கிலேயரோடு போர்த்துக்கீசியர், யூதர், இந்து வணிகர் ஆகியோரும் அவர்களில் இடம்பெற்றனர்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி உருவானதற்கு மக்களாட்சி மீதிருந்த பற்று காரணமன்று. வரி வசூலாக வேண்டும் என்ற கவலையே காரணம். உண்மையான அதிகாரம் கவர்னரிடமே இருந்தது. மக்களும் அதை அறிந்திருந்தார்கள். எதிர்பார்த்த வரி வசூலாகவில்லை. அதிகாரமில்லாத மன்றத்தை முன்னிறுத்தி வரி கேட்டால் மக்கள் ஏமாறமாட்டார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

வரம்பு சட்டமாகிறது

1793ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் அமைதி நீதிபதிகளுக்கு வீட்டு வரி விதிக்கும் அதிகாரத்தை அளித்தது. துப்புரவு, காவல், தெருப் பழுது ஆகியவற்றுக்காக அந்த வரி. அதற்கு வரம்பும் சொல்லப்பட்டது. சொத்தின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம். உள்ளூர் வரிக்கு மேலிடம் உச்சவரம்பு போடும் வழக்கத்துக்கு நம் நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதாகிறது.

வரம்பு மட்டும் இருந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதில்லை. 1810இல் வங்காள மாகாணத்தில் கொண்டுவரப்பட்ட வீட்டு வரியை எதிர்த்துக் காசி நகர மக்கள் தொழில்களை நிறுத்தி, வீடுகளை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் அமர்ந்தனர். இறுதியில் வரி கைவிடப்பட்டது. இந்த நிகழ்வைப் பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து தொகுத்து உலகறியச் செய்தவர் ஆய்வாளர் தரம்பால்.

1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், மக்கள் விரும்பிக் கேட்டால் நகராட்சி அமைக்கலாம் என்றது. வரியோடு வரும் அமைப்பை விரும்பிக் கேட்பவர் மதராஸ் மாகாணத்தில் மிகச் சிலரே. எனவே 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டம் அந்த முடிவை அரசின் கையில் வைத்தது. நகர வருவாயில் பெரும் பங்கு காவல் துறைச் செலவுக்கே போயிற்று. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டம் கிராமப்புறங்களிலும் வீட்டு வரிக்கு வழி திறந்தது. 1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தலத் தன்னாட்சிக்கு அடிப்படை ஆயிற்று. காவல் செலவை நகராட்சிகளின் தோளிலிருந்து இறக்க வேண்டும் என்பதும் அதன் கருத்துகளில் ஒன்று. அதன் விளைவாக 1884இல் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தல வாரியங்கள் சட்டமும் வந்தன. கிராமங்களைச் சேர்த்து அமைத்த "யூனியன்"கள் வீட்டு வரி வசூலித்துச் சிறு பணிகளைச் செய்தன.

சீராலா–பேராலா: ஊரே வெளியேறிய கதை

மதராஸ் மாகாண வரலாற்றில் வீட்டு வரி குறித்து எழுந்த மிகப் பெரிய போராட்டம் சீராலா–பேராலா. இன்றைய ஆந்திரத்தில் உள்ள இவ்விரு ஊர்களும் அன்று நம் மாகாணத்தின் பகுதி. யூனியனாக இருந்த ஊர்களை 1919–20 வாக்கில் அரசு நகராட்சியாக மாற்றியது. நெசவாளரும் சிறு வணிகரும் நிறைந்த அந்த ஊர்களில் வரிச்சுமை பல மடங்கு உயர்ந்தது. நகராட்சி வேண்டாம், பழைய யூனியனே போதும் என்று மக்கள் மனுக் கொடுத்தனர். பயனில்லை.

துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் வரி மறுப்பு தொடங்கியது. 1921 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கு வந்தபோது, நகராட்சி எல்லையை விட்டே வெளியேறுவது ஒரு வழி என்றார். சுமார் 15,000 மக்கள்தொகையில் மிகப் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிவிட்டு எல்லைக்கு வெளியே போனார்கள். ஓலைக் குடிசைகள் போட்டு ராம்நகர் என்று பெயரிட்டு ஏறத்தாழ 11 மாதங்கள் வாழ்ந்தார்கள். வீடே இல்லாத இடத்தில் வீட்டு வரி எப்படி வரும்? நகராட்சி இருந்தது, நகர் இல்லை. பிறகு கோபாலகிருஷ்ணய்யா கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார். வெயிலும் மழையும் வறுமையும் வாட்ட, மக்கள் மெல்லத் திரும்பினர்.

இந்தப் போராட்டத்தை வரி கட்ட மறுத்தவர்களின் கலகம் என்று மட்டும் படித்தால் பொருள் தவறிவிடும். அவர்கள் யூனியனுக்கு வரி கட்டி வந்தவர்களே. தங்கள் ஊர் எந்த வகை ஊராக இருக்க வேண்டும், எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதைத் தங்களைக் கேட்காமல் முடிவு செய்ததே அவர்கள் குறை.

1920 சட்டமும் சத்திரத்துக்கு விலக்கும்

சீராலா கொதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1920ஆம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு 1919ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தமிழக நகரங்களை ஆண்டவை இவ்விரு சட்டங்களே.

இச்சட்டப்படி சொத்து வரி ஆண்டு மதிப்பின் மீது கணக்கிடப்பட்டது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை வருமோ அதில், கட்டடத்துக்குரிய பகுதியிலிருந்து பழுதுபார்ப்புக்காக 10 சதவீதம் கழித்தால் கிடைப்பதே ஆண்டு மதிப்பு. எடுத்துக்காட்டாக, கட்டடத்துக்குரிய ஆண்டு வாடகை 12,000 ரூபாய் என்றால் 1,200 ரூபாய் கழித்து 10,800 ரூபாயை மதிப்பாகக் கொள்வர். நிலத்துக்குரிய வாடகையில் கழிவு இல்லை. அதன்மேல் பொது வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, விளக்கு வரி எனப் பகுதிகள் உண்டு.

விலக்குகளும் சட்டத்திலேயே எழுதப்பட்டன. வழிபாட்டு இடங்கள், கல்விக்கான கட்டடங்கள், அறமருத்துவமனைகள், இடுகாடு சுடுகாடுகள் ஆகியவற்றோடு, வாடகை வாங்காத சத்திரங்களுக்கும், வாங்கும் வாடகையை முழுவதும் அறச்செயலுக்கே செலவிடும் சத்திரங்களுக்கும் வரி இல்லை. சத்திரத்தின் பெயரால் அமைந்த ஊர்க்காரர்களுக்கு இது சுவையான செய்தி. வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் தந்த அறத்தைச் சட்டமும் மதித்தது.

ஆனால் விலக்குக்கு ஒரு விலை உண்டு. திருத்தணி மலைக்கோயிலுக்கு ஆடிக் கிருத்திகையன்று பெருங்கூட்டம் வருகிறது. கூட்டத்துக்குத் தண்ணீர், துப்புரவு, விளக்கு என்று நகராட்சி செலவழிக்க வேண்டும். வழிபாட்டிடத்துக்கு வரியில்லை. வந்து போகும் அடியாருக்கும் வரியில்லை. அடிவாரத்தில் வீடும் கடையும் வைத்திருப்பவர் கட்டும் வரியிலும் மேலிருந்து வரும் மானியத்திலும்தான் அந்தச் செலவு நடக்க வேண்டும். பக்கத்து அரக்கோணம் போன்ற ரயில்வே ஊர்களுக்கு வேறு வகைச் சிக்கல். அரசியலமைப்பின் 285ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசின் சொத்துக்குப் பொதுவாக உள்ளூர் வரி இல்லை. விலக்கு கொடுப்பவர் மேலே இருக்கிறார். இழப்பைத் தாங்குபவர் கீழே இருக்கிறார்.

எல்லை மாறியது, வரி மாறவில்லை

திருத்தணி வட்டாரம் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கரின் பரிந்துரைப்படியும் 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் மதராஸ் மாநிலத்தில் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இவ்வட்டாரத்தை ஆண்ட தலைநகரம் முதலில் கர்நூல், 1956க்குப் பின் ஐதராபாத்.

எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மக்கள் அடிபட்டுச் சிறை சென்றார்கள். ஆனால் உள்ளாட்சி வரியைப் பொறுத்தவரை இரு பக்கமும் இருந்தவை ஒரே மதராஸ் மரபின் சட்டங்களே. ஒப்புதல் ஆணை வரும் ஊர் மாறியதே தவிர, ஆணைக்காகக் காத்திருக்கும் நிலை மாறவில்லை. மொழியுரிமையை வென்ற ஊருக்குத் தன் வரியைத் தானே முடிவு செய்யும் உரிமை அதனுடன் சேர்ந்து வரவில்லை.

வாடகைச் சட்டம் போட்ட மறைமுக வரம்பு

வரி விகிதத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு வகை வரம்பு. மதிப்பையே உயரவிடாமல் செய்வது இன்னொரு வகை. போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. குண்டூர் நகராட்சிக்கும் அந்நகர வரி செலுத்துவோர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம், வாடகைச் சட்டப்படி கிடைக்கக்கூடிய நியாய வாடகையைக் கருத்தில் கொண்டே ஆண்டு மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்றது. சந்தையில் வாடகை ஏறினாலும் நகராட்சியின் கணக்கில் அது ஏறாது என்ற நிலை உண்டாயிற்று. குடியிருப்பவரைக் காக்க வந்த சட்டம் நகராட்சியின் வருவாயையும் கட்டிப்போட்டது.

இதற்கு மாற்றாக 1993இல் பாட்னா மாநகராட்சி பரப்பளவு, தெருவின் நிலை, கட்டட வகை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் முறைக்கு மாறியது. தமிழக நகரங்களிலும் சதுர அடிக்கு அடிப்படை வீதம் வைக்கும் முறை பரவியது. வீட்டுக்காரரே தன் வரியைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடிவது இதன் நன்மை.

அரசியலமைப்பு தந்ததும் தராததும்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நிலம், கட்டடம் மீதான வரி மாநிலப் பட்டியலின் 49ஆம் இனம். உள்ளாட்சி அதே பட்டியலின் 5ஆம் இனம். அதாவது, இவ்வரி சட்டப்படி மாநிலத்துக்கு உரியது. மாநிலம் விட்டுக்கொடுத்தால்தான் ஊருக்கு.

73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இலும், 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1இலும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், இட ஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் என்று பலவற்றை இவை கட்டாயமாக்கின. ஆனால் வரி பற்றிய பிரிவுகளான 243எச் (ஊராட்சிகள்), 243எக்ஸ் (நகராட்சிகள்) ஆகியவை மட்டும் கட்டாயம் என்று சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் தான் வகுக்கும் நடைமுறைப்படியும் வரம்புகளுக்கு உட்பட்டும் வரி விதிக்க உள்ளாட்சியை அனுமதிக்கலாம் என்றே அவை கூறுகின்றன. "கலாம்", "வரம்பு" என்ற இரண்டு சொற்களில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொழில் வரிக்கு அரசியலமைப்பே நேராக வரம்பு கட்டியுள்ளது. 276ஆம் பிரிவுப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 1988இல் 2,500 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அந்த எண் அப்படியே நிற்கிறது.

உறைந்த இருபது ஆண்டுகள்

ஐந்தாண்டுக்கு ஒரு முறை பொதுச் சீராய்வு செய்ய வேண்டும் என்பது தமிழகத்தில் இருந்த விதி. நடந்தது வேறு. சென்னையில் 1998க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008க்குப் பிறகும் சீராய்வு நின்றுவிட்டது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். 100 ரூபாய்க்குச் செய்த வேலைக்கு 20 ஆண்டுகள் கழித்து 320 ரூபாய் வேண்டும். வரி 100 ரூபாயாகவே நின்றால் மூன்றில் ஒரு பங்கு வேலைகூட நடக்காது.

2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையும் பிற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரையும் வரியை உயர்த்த அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அது பின்வரும் தவணைகளில் ஈடுசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உயர்த்தியதும் நிறுத்தியதும் மாநில அரசே. அப்போது தமிழக நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல்தான். சென்னை மாநகராட்சி இதற்கு முன் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றியே இயங்கியது.

புதிய மன்றங்கள் பதவியேற்ற சில வாரங்களில் அடுத்த சீராய்வு வந்தது. திருத்தணி போன்ற நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான உயர்வு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என அமைந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் இவை முறையே 50, 75, 100, 150 சதவீதம். அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்குத் திருத்தணியில் 900 ரூபாயாகும். அதே கணக்கில் சென்னையின் பழைய பகுதியில் 1,050 ரூபாயாகும்.

இந்த உயர்வுக்குப் பின்னால் தில்லியும் இருந்தது. பதினைந்தாவது நிதி ஆணையம், நகரங்களுக்கான மானியம் பெற வேண்டுமானால் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதங்களை அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் உயர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. முன்பு மேலிருந்து வந்தது உச்சவரம்பு. இப்போது வருவது கீழ்வரம்பு. திசை மாறினாலும் ஆணை வரும் இடம் மேலேதான். மாமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. ஆனால் நிறைவேற்றாவிட்டால் மானியம் நிற்கும் என்ற நிலையில் அந்தத் தீர்மானத்தில் விருப்பத்துக்கு இடம் எவ்வளவு? 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் நிறைவேற்றிய 6 சதவீத உயர்வும் ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும் என்ற இதே விதியின் தொடர்ச்சியே. இதற்கிடையே 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்ட பின், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து 1919, 1920 சட்டங்களின் காலத்தை முடித்துவைத்தது.

ஊராட்சிகளின் நிலை

கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களுக்கு 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். வீட்டு வரி விதிப்பது ஊராட்சியின் கடமை. வீதமோ சட்டமும் விதிகளும் சொல்லும் அளவுக்குள் இருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டக் காலத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையான மானியத்தை அரசு தரும். ஊர் ஒரு ரூபாய் திரட்டினால் அரசும் ஒரு ரூபாய் போடும். முயன்ற ஊருக்குப் பலன் கண்முன் தெரிந்தது.

பின்னாளில் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கே முதன்மையாயிற்று. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்ற அளவு வழக்கில் வந்தது. சிறிய ஊராட்சிக்கு இது உயிர்நாடி. எனினும், வசூலித்தாலும் வசூலிக்காவிட்டாலும் மானியம் வரும் என்றால் வீட்டு வரியில் அக்கறை தளரத்தான் செய்யும். வீட்டு வரி ரசீது மின் இணைப்புக்கும் முகவரிச் சான்றுக்கும் தேவைப்படும் தாளாகப் பலருக்கும் தெரிகிறது. அந்தப் பணம் எந்தத் தெருவில் எதற்குச் செலவாயிற்று என்று கிராம சபையில் எழுந்து கேட்பவர் குறைவு.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. மன்றமே இல்லாத காலத்திலும் வரி கேட்பு நிற்பதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் 13ஆம் முன்மொழிவு வென்றது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தை மீறக் கூடாது, மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று அது விதித்தது. வீடு வைத்திருந்த முதியோருக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் பள்ளிகளும் நகரங்களும் மாநிலக் கருவூலத்தை நம்பி நிற்கும் நிலை வந்தது. பணம் கொடுக்கும் இடத்துக்கே முடிவெடுக்கும் அதிகாரமும் நகர்ந்தது.

இங்கிலாந்தில் 1921இல் லண்டனின் ஏழைப் பகுதியான பாப்லரில் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான மன்றத்தினர், ஏழைப் பகுதியும் பணக்காரப் பகுதியும் ஒரே வகையில் வரிச்சுமை தாங்குவது அநியாயம் என்று மேல் அமைப்புகளுக்கான வரியை வசூலிக்க மறுத்தனர். முப்பது பேர் சிறை சென்றனர். அதன் பிறகு பணக்காரப் பகுதிகள் ஏழைப் பகுதிகளின் சுமையைப் பகிரும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. அது சீராலா மக்கள் குடிசையில் வாழ்ந்த அதே ஆண்டு என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அதே நாட்டில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களின் வரிக்கு மைய அரசு உச்சவரம்பு போட வழி செய்தது.

வரம்பு வேண்டுமா, வேண்டாமா?

வரம்பு வேண்டும் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரிடம் வீடு இருக்கலாம், கையில் பணம் இராது. ஊரில் செல்வாக்குள்ளவர் தமக்குக் குறைத்து, எளியவருக்குக் கூட்டிவிடக்கூடும். எதிர்ப்பவரைப் பழிவாங்க வரியைக் கருவியாக்கவும் கூடும். இவற்றைத் தடுக்க மேலிருந்து ஒரு சட்டம் தேவைதான்.

ஆனால் நம் வரலாறு காட்டுவது வேறொரு சிக்கல். வரம்பு சட்டத்தில் நிலையாக இருப்பதில்லை. தேர்தல் வந்தால் உறைகிறது, மானிய நிபந்தனை வந்தால் ஒரே நாளில் பாய்கிறது. இருபது ஆண்டுகள் சிறிதும் ஏறாமல் இருந்துவிட்டு ஒரே தடவையில் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஏறுவதுதான் குடும்பங்களை நடுங்க வைக்கிறது. 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை, பெங்களூரு, செய்ப்பூர் நகரங்கள் திரட்டக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதம் வரையே திரட்டுவதாகக் கணக்கிட்டது. பட்டியலில் ஏறாத கட்டடங்களும் குறைத்து மதிப்பிட்ட கட்டடங்களும் சேர்ந்தால், ஒழுங்காகக் கட்டுபவர் மேல் சுமையை ஏற்றாமலே வருவாய் பெருகும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

கீழும் மேலும் இரண்டு எல்லைகளைச் சட்டம் வகுத்துவிட்டு, அதற்குள் எவ்வளவு என்பதை உரிய காலத்தில் தேர்தல் நடத்தி அமைத்த மன்றம் கூடி, வரவு செலவைக் கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் வைத்து முடிவு செய்வதே பொருத்தம். ஜோசையா சைல்டு கம்பெனியின் லாபத்துக்காகச் சொன்னது மக்களாட்சிக்கும் பொருந்துகிறது. தாமே பேசி முடிவு செய்த வரியை மக்கள் கட்டுவார்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு இன்று நான் சொல்லும் விடை இது. ரசீதில் உள்ள தொகையை நம் ஊராட்சி போட்டது. அதற்கான அளவுகோலைச் சென்னை கொடுத்தது. அண்மைக் காலமாக அந்த அளவுகோலில் தில்லியின் கையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்கு விளக்குப் போட வேண்டும் என்று கேட்கும் உரிமை கிராம சபையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கிராம சபை கூடும் நாளில் வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்ல தொடக்கம்.